பத்துப் பேர்ச் பத்துப் பேர்ச்சாக நாம் விழுங்கும் ஆறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஏசுவதென்றால் முழுதாக வாசித்துவிட்டு ஏசுங்கள்.

போன வாரம் தரம் எட்டுப் பிள்ளைகளை நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நீர் மாசடைதல் பற்றிய பாடம். புத்தகத்தில் படம் இருக்கிறது. பாடசாலை கேற்றிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அசலே இருக்கும்போது படம் எதற்கு என்று நினைத்தோம். கையில் கொண்டுபோனது ஒரு தகர மூடி மட்டும்தான். வெள்ளைப் பெயின்ட் பூசி, நடுவில் துளை போட்டு, கயிறு கட்டியது. அதைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்க வேண்டும். எந்த ஆழத்தில் மூடி கண்ணுக்கு மறைகிறதோ அந்த ஆழத்தை அளந்துகொள்ள வேண்டும். தண்ணீரின் தெளிவைப் பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

கண்டல் மரங்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கிற இடத்தில் மூடி ஒரு முழத்துக்குக் கீழே போயும் தெரிந்தது. வடிகான் வந்து விழுகிற இடத்தில் ஒரு சாண் இறங்குமுன் மறைந்துவிட்டது. பிள்ளைகள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் கொப்பியில் எழுதினார்கள்.

திரும்பி வரும் வழியில் ஒரு பிள்ளை, மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ஒரு சொப்பிங் பேக்கைக் காலால் இழுத்தது. அது வந்துகொண்டே இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே பம்பர்ஸ், ஒரு பாட்டாச் செருப்பு, யோகட் கப். பிள்ளை எங்களை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது:

"எங்கட ஊடு இரிக்கிற எடமும் முந்தி ஆறா, டீச்சர்?"

உடனே பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் பதில் 'ஓம்'. அந்தப் பிள்ளையின் வீடு மட்டுமல்ல. இந்தப் பதிவை எழுதுகிற வீட்டின் பின்வளவிலும் பாதி முந்தி ஆறுதான். வாப்பா நாலு டிரெக்டர் இடிபாடு பறித்து மேவினார். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், வளவு பெருத்துவிட்டது என்று. ஆகவே இந்தப் பதிவில் குற்றவாளிகள் என்று வேறு யாரும் இல்லை. எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் சேர்ந்த நாம்தான்.

*

ஓர் ஆறு எப்படிக் காணியாகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தெரியாத மாதிரியே இருக்கிறோம். ஒருமுறை வரிசையாக எழுதிவிடுவோம்.

முதலில் கரையோரக் கண்டலில் நாலைந்து மரம் வெட்டப்படும். கேட்டால் விறகுக்கு. பிறகு தண்ணீருக்குள் நாலு கம்பும் ஒரு கம்பியும். கேட்டால் தோணி கட்ட. அதற்குப் பிறகு ராவில் குப்பை வரும். இளநீர்க் கோம்பை, கோழிக்கடைக் கழிவு, கடைத்தெருப் பெட்டிகள். அது அமுங்கியதும் உடைத்த வீட்டு இடிபாடு. அதற்கு மேல் கிறவல், கிறவலுக்கு மேல் வெள்ளை மணல். ஒரு மாரியைப் போகவிட்டு மதில். மதிலுக்குள் ஒரு தகரக் கொட்டில். கொட்டிலுக்கு ஒரு கரண்ட் இணைப்பு. கரண்ட் பில்லைக் காட்டி இன்னொரு துண்டு, அந்தத் துண்டைக் காட்டி ஏதோ ஒரு உறுதி. உறுதி வந்ததும் விலை. கடைசியாக, வாய்கள் மூடவேண்டுமே, பள்ளிக்கு இரண்டு மின்விசிறி.

இதில் எந்தப் படியிலும் நாம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஒருநாள் காலையில் டிரெக்டர் ஓட்டி வந்த தம்பியை மட்டும் நாங்கள் மறித்துக் கேட்டோம். அவர் சொன்னார்: "காசு தாறவன் கொட்டச் சொல்றான், கொட்டுறன் டீச்சர். கொட்டக் கூடாண்டா வேற எடம் காட்டுங்க." அவரில் பிழை சொல்ல எங்களால் முடியவில்லை. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்க கரையோரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கடலோடு தொடுக்கும் வாவிகளும் அதற்குள் வருகின்றன. ஈரநிலத்தை நிரப்புவதென்றால் 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட வேலைக்குச் சுற்றாடல் அங்கீகாரம் எடுக்க வேண்டும் என்று 1993 இலேயே வர்த்தமானியில் வந்துவிட்டது.

இந்த 4 ஹெக்டேயர்க் கணக்கை ஒருதரம் போட்டுப் பாருங்கள். 4 ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 1580 பேர்ச். நம் ஊரில் 1580 பேர்ச்சை ஒரேயடியாக மேவுகிற ஒருவனும் இல்லை. பத்துப் பேர்ச் பத்துப் பேர்ச்சாக 158 பேர் மேவுகிறோம். ஒரு கம்பனி வந்து அத்தனையையும் ஒன்றாக நிரப்பியிருந்தால் ஊரே திரண்டிருக்கும், பதாதை பிடித்திருக்கும், ஜும்ஆவுக்குப் பிறகு ஆர்ப்பாட்டம் நடந்திருக்கும். 158 பேர் செய்யும்போது எல்லோரும் மச்சான், மாமா, காக்கா. யாரை யார் கேட்பது?

முறைப்பாடு கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓர் அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் காட்டும். அது மூன்றாவதைக் காட்டும். தண்ணீர் ஒருவருக்கு, மீன் ஒருவருக்கு, கரை ஒருவருக்கு, குப்பை ஒருவருக்கு. ஆறு என்ற முழுமைக்கு யாரும் இல்லை. இந்த இடைவெளி தெரிந்தவன்தான் காணி விற்கிறான்.

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவன் கழுத்தில் மறுமையில் ஏழு பூமியும் மாட்டப்படும் என்ற ஹதீஸை நாம் ஓதப் போன காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். ஆனால் அதை வேலிச் சண்டையில் பக்கத்து வளவுக்காரனுக்கு மட்டும்தான் சொல்லிக் காட்டுகிறோம். ஆற்றுக்குச் சொந்தக்காரன் இல்லை என்று நமக்கு ஒரு நினைப்பு. இருக்கிறார்கள். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருக்கிற அத்தனை பேரும், இன்னும் பிறக்காத பிள்ளைகளும் சொந்தக்காரர்கள். ஒருவனிடம் எடுத்தால் அவனிடம் போய் மாப்புக் கேட்டு ஹலாலாக்கிக்கொள்ளலாம். எல்லோரிடமும் எடுத்ததை யாரிடம் போய் ஹலாலாக்குவது?

*

இனி, எல்லோரும் சொல்கிற நியாயத்துக்கு வருவோம். "ஊருக்குக் காணி இல்லை. சனம் எங்கே போகும்?"

இது பொய்யில்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆறு, நடுவில் ஒடுங்கிய மணல் துண்டு. அதற்குள் நெருங்கி நெருங்கி வாழ்கிறோம். யுத்த காலத்தில் அக்கரையில் வயலையும் வளவையும் போட்டுவிட்டு வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. திரும்பிப் போக முடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள். காணிப் பிரச்சினை நமக்கு உண்மையான பிரச்சினை.

ஆனால் அந்தப் பிரச்சினைக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்? அரசாங்கம், காணி நிர்வாகம், நம்மிடம் வாக்கு வாங்கிப் பாராளுமன்றம் போனவர்கள். நாம் ஆற்றை மேவ மேவ, அவர்களுக்கு வேலை குறைகிறது. "காணி தாருங்கள்" என்று அவர்களின் மேசையில் வைக்க வேண்டிய கோரிக்கையை நாம் ராவோடு ராவாகத் தண்ணீருக்குள் புதைத்துவிடுகிறோம். கேட்க வேண்டிய உரிமையைக் கேட்காமல், எடுக்கக் கூடாததை எடுக்கிறோம். நாளைக்கு நம் காணி உரிமையைப் பற்றிப் பேசப் போனால், "நீங்கள் ஆற்றையே பிடித்தவர்கள்தானே" என்று ஒரு வரியில் நம் வாயை அடைத்துவிடுவார்கள். அந்த வரியை அவர்கள் கையில் கொடுப்பது நாமே.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. அதைச் சொன்னால் பெண்கள் ஆமோதிப்பார்கள், ஆண்கள் கோபிப்பார்கள். ஆற்றை மேவுகிற காணியில் பெரும்பகுதி எதற்காக? குமருக்கு வீடு கட்ட. நம் பகுதியில் பெண் பிள்ளைக்குக் கலியாணம் பேச வீடு வேண்டும். மூன்று குமர் என்றால் மூன்று வீடு. தாயின் வளவு மூன்றாகும், அடுத்த தலைமுறையில் ஒன்பதாகும். துண்டு போடப் போட, துண்டு போட இடம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து சுற்றிப் பார்த்து, "வீடு தனியா இருக்கணும், மதில் இருக்கணும், வாகனம் உள்ளுக்கு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வாப்பா ஆற்றுக்குள் இறங்குவார்.

கூலி வேலை செய்து, கடன் பட்டு, கடைசியில் ஆற்றோரம் குப்பை மேட்டில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த வாப்பாமாரை நமக்குத் தெரியும். அவர்களை இங்கே குற்றக் கூண்டில் நிறுத்தவில்லை. அந்த வீட்டைக் கேட்டு வாங்கிய மாப்பிள்ளையை நிறுத்துகிறோம். மஹர் கொடுக்க வேண்டியவன் வீடு வாங்குகிறான். அந்த வீட்டுக்கு அத்திவாரம் குப்பை. அந்தக் குப்பைக்குக் கீழே ஆறு. சீதனத்துக்கு எதிராக மிம்பரில் பேசுகிற உலமாக்களே, இதையும் ஒரு வரி சேர்த்துப் பேசுங்கள். சீதனம் பெண்ணின் தகப்பனை மட்டும் தின்னவில்லை. ஊரின் தண்ணீரையும் சேர்த்துத் தின்கிறது.

*

"ஆறுதானே, அடிச்சிக்கிட்டுப் போயிரும்." இது அடுத்த சமாதானம்.

இங்கே நம் பேச்சு வழக்கே நம்மை ஏமாற்றுகிறது. நாம் ஆறு என்கிறோம். அது ஆறில்லை, வாவி. மட்டக்களப்பு வாவி. 56 கிலோமீற்றர் நீளம். அத்தனை நீளத்துக்கும் கடலோடு தொடுப்பது இரண்டே இடத்தில்: வடக்கே பாலமீன்மடுப் பக்கம், தெற்கே கல்லாற்றுப் பக்கம். வெயில் காலத்தில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். மாரியில் வெள்ளம் உடைத்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் பெக்கோ பிடித்து வெட்டிவிட வேண்டும். ஆகவே வருடத்தில் பல மாதங்களுக்கு நாம் போடுவது எங்கும் போவதில்லை. போட்ட இடத்திலேயே, நம் மூக்குக்கு முன்னாலேயே கிடந்து அழுகுகிறது.

அழுகினால் என்ன நடக்கும் என்பதைத் தரம் எட்டுப் பிள்ளைகளே விளக்குவார்கள். மலசலகூடக் குழி, குசினித் தண்ணீர், சவர்க்காரம், கோழிக் கழிவு, அக்கரை வயல்களிலிருந்து வரும் யூரியா, எல்லாவற்றிலும் நைதரசனும் பொசுபரசும் இருக்கின்றன. பயிருக்கு உரம் என்னவோ, பாசிக்கும் அதுவே. தண்ணீர் பச்சையாகும். ஆற்றுவாழை கரையை மூடும். பகலில் பாசி ஒட்சிசன் விடும். இரவில் அதுவே ஒட்சிசனை எடுக்கும். செத்த பாசியை அழுகச் செய்கிற பற்றீரியாவும் எடுக்கும். விடியப்போகும் நேரத்தில் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். ஒரு லீற்றரில் 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களால் தாங்க முடியாது. சுபஹுக்குப் போகிறவர்கள் சில நாட்களில் கரையில் மீன் செத்து மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். "யாரோ நஞ்சு போட்டுட்டான்" என்போம். எந்த யாரோவும் இல்லை. நம் எல்லோர் வீட்டு வடிகானும்தான்.

கண்டல் மரத்தின் வேருக்குள்தான் இறாலும் நண்டும் குஞ்சாக வளர்கின்றன. கொடுவா அந்த ஓரத்தில்தான் இரை தேடும். வரும் அழுக்கில் ஒரு பங்கைத் தடுத்து வைப்பதும் அந்த வேர்கள்தான். நாம் முதலில் வெட்டுவது அதை. பிறகு கரையோரம் வீச்சு வலையோடு நிற்கிற காக்காமாரிடம், "என்ன காக்கா, இப்ப ஒண்டும் படுறல்லயா" என்று விசாரிக்கிறோம். கிலோ இறால் விலையைக் கேட்டுவிட்டு அவர்களோடு சண்டையும் பிடிக்கிறோம்.

பாடும் மீன் வாழும் வாவி என்று வெளியூர்க்காரனுக்குப் பெருமையாகச் சொல்கிறோம். கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுத்துப் போடுகிறோம். அந்தப் படத்தில் நம் ஊர்க் கரை விழாமல் பார்த்துக்கொள்கிறோம்.

*

"குழாய்த் தண்ணி வந்துட்டு. ஆறு எப்படிப் போனா நமக்கென்ன?"

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஊரில் கிணறு மூடப்படவில்லை. குளிக்க, கழுவ, வுழூச் செய்ய, குழாய் நின்றால் குடிக்கவும் கிணறுதான். நம் நிலம் மணல். மேலே ஊற்றுவது கீழே போக அதிக நாள் தேவையில்லை. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். பத்துப் பேர்ச் சதுர வளவின் ஒரு பக்கமே ஏறத்தாழ 52 அடிதான். கிணற்றை ஒரு மூலையில் வைத்துக் குழியை எதிர் மூலையில் வைத்தாலும், அந்த மூலையில் அடுத்த வீட்டுக் குழி நம் கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்கும். ஆற்றோரம் மேவிய காணியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே இரண்டடி தோண்டினால் தண்ணீர். குழி நேரே தண்ணீருக்குள் இருக்கிறது.

கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, முக்கியமாகப் போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தைகளை வைத்துத்தான். அந்தத் தண்ணீரில் பால் மா கரைத்துக் கொடுத்தால் பிள்ளையின் இரத்தம் ஒட்சிசன் காவும் சக்தியை இழந்து உடம்பு நீலம் பாரிக்கும். ஆற்றோர வீடுகளில் கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார், கிணற்றுத் தண்ணீரை ஒருதரம் பரிசோதிக்கக் கொடுங்கள். இது மற்ற எல்லாவற்றையும்விட அவசரம்.

வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2011 ஜனவரியில் தண்ணீர் எப்படி ஏறியது என்று நினைவிருக்கிறதா? வாவியின் ஓரம் என்பது சும்மா கிடக்கிற இடமில்லை. மாரியில் மேலதிகத் தண்ணீர் வந்து விரிந்து படுக்கிற பாய் அது. பாயைச் சுருட்டிக்கொண்டால் தண்ணீர் எங்கே படுக்கும்? நம் கட்டிலில்தான். மேவியவன் வீட்டை உயர்த்திக் கட்டிவிடுகிறான். தண்ணீர் அவனைச் சுற்றிக்கொண்டு, மேவாதவன் வீட்டுக்குள் போகிறது.

கொழும்பு இதைச் சதுப்பு நிலத்தை எல்லாம் நிரப்பி, வெள்ளத்தில் மூழ்கி மூழ்கித்தான் படித்தது. மிஞ்சிய ஈரநிலங்களை இன்று அங்கே வேலி போட்டுக் காக்கிறார்கள். 2018 இல் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரமும் வாங்கினார்கள். குப்பை மேட்டின் அருகில் வாழ்வது என்ன என்பதை 2017 ஏப்ரல் 14 இல் மீத்தொட்டமுல்ல காட்டியது. புத்தாண்டு நாளில் குப்பை மலை வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். நம்முடையது மலையில்லை, பரப்பிப் போட்ட குப்பை. சரியாது, உண்மை. ஆனால் அமுங்கும். ஆற்றோரப் புது வீடுகளின் சுவரில் ஓடுகிற வெடிப்புகளைப் போய்ப் பாருங்கள்.

*

ஒரு விசயம் நமக்கு மட்டும் சொந்தம். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாகாது.

ஹஜ்ஜுப் பெருநாளும் அதற்கடுத்த நாட்களும். உழ்ஹிய்யா நல்ல அமல். தக்வாவோடு அறுக்கிறோம், பங்கு வைக்கிறோம், ஏழை வீட்டுக்கு இறைச்சி போகிறது. குடலும் சாணமும் தோலும் எங்கே போகின்றன? மாலை மஃரிபுக்குப் பிறகு உரப் பையில் கட்டி ஆற்றுக்கு. மூன்றாம் நாள் அந்தக் கரையால் நடக்க முடியாது. நாய் இழுக்கும், காகம் தூக்கும், ஊதிப்போன பை மிதந்து அக்கரைக்குப் போகும். அக்கரையில் இருப்பது தமிழ்க் கிராமங்கள். அந்தத் தண்ணீரில் வலை வீசுகிறவர்கள், அந்தக் கரையில் மாடு குளிப்பாட்டுகிறவர்கள் நம் பெருநாளை எப்படி நினைவில் வைத்திருப்பார்கள் என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள்.

தேங்கி நிற்கிற தண்ணீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்ணீர்த் துறையில் மலம் கழிப்பது சாபத்தைக் கொண்டுவரும் காரியம் என்று எச்சரித்தார்கள். ஒரு மனிதன் ஒருதரம் இருப்பதற்கே இந்தத் தடை. ஓர் ஊரே குழாய் வைத்து நாள்தோறும் விடுவதற்கு என்ன சட்டம்? வுழூவுக்கு எத்தனை சொட்டுத் தண்ணீர் என்று வாதாடுகிற நாம், வுழூச் செய்த தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று பார்த்ததில்லை. ஆற்றோரம் உள்ள சில பள்ளிகளின் ஹவுலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் அந்தக் குழாயும் தெரியும்.

*

இதற்கு வரப்போகிற மறுப்புகளும் தெரியும். கொமென்ட்டில் எழுத முன் நாமே எழுதிவிடுகிறோம்.

"ஊர் மானத்தைப் பொதுவெளியில் ஏன் போடுகிறீர்கள்?" ஊர் மானம் ஏற்கெனவே அக்கரைக்கு மிதந்து போய்விட்டது. நாம் மறைப்பது நமக்கு மட்டும்தான்.

"மற்ற ஊர்க்காரன் கொட்டவில்லையா?" கொட்டுகிறான். வாவி முழுக்க எல்லாப் பக்கத்தாலும் அழுக்கு வருகிறது. வயல் மருந்து வருகிறது, ஆலைக் கழிவு வருகிறது, நகரத்துக் கழிவு வருகிறது. அதைக் கேட்கிற தகுதி வேண்டுமென்றால் முதலில் நம் கரை சுத்தமாக இருக்க வேண்டும்.

"நகரசபை செய்ய வேண்டிய வேலை." ஆம், குப்பை அகற்றுவது உள்ளூராட்சி மன்றத்தின் கடமை. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி. அள்ளிய குப்பையைச் சபையின் வண்டியே ஆற்றோரம் கொட்டினாலும், "நல்லது, நம்ம பக்கம் மேவட்டும்" என்று சந்தோசப்படுகிறவர்கள் நம்மில் இல்லையா? "ரெண்டு லோட் நம்ம வளவுக்குப் பறியுங்க தம்பி" என்று சாரதியின் கையில் காசு வைக்கிறவர்கள் யார்?

"ஏழைகளின் வீட்டை உடைக்கச் சொல்கிறீர்களா?" இல்லை. குடியிருக்கிற ஒரு குடும்பத்தையும் எழுப்பச் சொல்லவில்லை. மாற்றுக் காணி தராமல் யாரும் அவர்களைத் தொடவும் கூடாது. தொட வந்தால் நாமும் குறுக்கே நிற்போம். ஆனால் குடியிருக்க இடமில்லாதவன் வேறு, நாலு துண்டு மேவி விலைக்குப் போடுகிறவன் வேறு. இரண்டாமவன் எப்போதும் முதலாமவனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். இனியும் ஒளிய விடக் கூடாது.

*

ஏசிவிட்டுப் போவது ஆசிரியர் வேலையில்லை. என்ன செய்யலாம் என்று எங்களுக்குத் தோன்றியது இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

1. இன்றைக்கு ஆறு எங்கே நிற்கிறதோ அதுவே எல்லை. நில அளவையாளரைக் கொண்டு அளந்து, கரை நெடுகக் கொங்கிறீட் கல் நட வேண்டும். பிரதேச செயலகத்திடம் இதை எழுத்தில் கேட்க வேண்டும். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு கூடை மண்ணும் போகக் கூடாது.

2. மேவிய காணிக்கு நிக்காஹ் பேச்சில் மதிப்புக் கொடுக்காதீர்கள். மேவி விற்கிறவன் தருகிற பணத்தைப் பள்ளிகள் வாங்காதீர்கள். மின்விசிறி இல்லாமலும் தொழலாம். இந்த ஒன்றைப் பள்ளிவாசல்கள் கூடி முடிவெடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

3. குமருக்கு வீடு கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இருக்கிற வீட்டுக்கு மேலே மாடி கட்டுங்கள். "மேல் வீடு" என்று முகம் சுழிக்கிற மாப்பிள்ளையை அப்படியே திருப்பி அனுப்புங்கள். உம்மாமார் நினைத்தால் இது ஒரு வருடத்தில் வழக்கமாகிவிடும்.

4. வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆற்றிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் தள்ளி, நிலத்தடி நீர் ஆழமாக உள்ள மேட்டில் ஆழக் குழி. கழிவைச் சேர்க்க ஒரு வாகனம், நாலு இளைஞர்கள். உழ்ஹிய்யாப் பங்கோடு ஒரு சிறு தொகை கூட்டி வாங்கினால் செலவு முடிந்துவிடும்.

5. வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சோறு, கறி, மரக்கறித் தோல், மீன் செதில். அதை வளவிலேயே ஒரு பீப்பாவில் உரமாக்கலாம். மிஞ்சுவதைப் பிரித்துக் கொடுத்தால் சபைக்கு ஏற்ற வேண்டியது பாதியாகும். டிரெக்டர் தம்பி கேட்ட கேள்விக்குப் பதிலின் முதல் பாதி இது. இரண்டாம் பாதி, கழிவைக் கொண்டுபோய்ப் பதப்படுத்தச் சரியான இடம். அதை நாம் வாக்குப் போட்டு அனுப்பியவர்களிடம் விடாமல் கேட்க வேண்டும்.

6. மிஞ்சியிருக்கிற கண்டலில் இனிக் கத்தி படக் கூடாது. புதிதாக நடுவது நல்லதுதான், படம் எடுக்கவும் வசதி. ஆனால் இருக்கிற ஒரு பெரிய மரம் நூறு கன்றுக்குச் சமம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் அதே தகர மூடியோடு மீண்டும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். இந்தத் தடவை கரை நெடுக, ஒவ்வொரு வடிகானும் விழுகிற இடத்தில் அளந்து, ஊர்ப் படம் ஒன்றில் குறிக்கப் போகிறார்கள். அந்தப் படத்தைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டிருக்கிறோம். தகப்பன்மார் ஒரு மணித்தியாலம் ஒதுக்கிக்கொண்டு பிள்ளையோடு வாருங்கள். காணி மேவியவர்களும் வரலாம். எங்கள் வாப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கொட்டிய நாலு லோட் எங்கே என்று அவரே காட்டுவார்.

சரியென்று பட்டால் உங்கள் மஹல்லா வட்ஸ்அப் குழுமங்களில் போடுங்கள். பிழையென்று பட்டால் எந்த இடத்தில் பிழை என்று எழுதுங்கள், திருத்திக்கொள்கிறோம். ஆனால் எழுத முன் ஒருதரம் ஆற்றங்கரைக்குப் போய் வாருங்கள்.

அல்லாஹ் நம் பிழைகளை மன்னித்து, நம் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீரை மிச்சம் வைப்பானாக.

வஸ்ஸலாம்.